மீன் வாடிக் கணக்கை டேட்டாபேஸுக்கு மாற்றும் முறை

திருகோணமலைக் கரையில் மீன் வாங்கிக் கொழும்புக்கு அருகே பேலியகொடை மீன் சந்தைக்கு லொறி அனுப்பும் வாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிறுவைக் கொப்பி, லொறிக் கொப்பி, படகுக்காரருக்குக் கொடுத்த முற்பணக் கொப்பி என்று கணக்கு மூன்றாகப் பிரிந்து கிடக்கும். இதை டேட்டாபேஸில் ஏற்றும்போது மென்பொருளைத் தேடுவது பிந்திய வேலை. முதலாளி பின்னேரத்தில் கேட்கும் கேள்விகளை முதலில் தாளில் எழுதுங்கள். இந்தப் படகு இன்னும் எவ்வளவு தரவேண்டும்? நேற்றைய லொறியில் கிலோவுக்கு என்ன மிஞ்சியது? பத்துக் கேள்விகள் போதும். இவற்றில் ஒன்றுக்கும் பதில் தராத நிரலை (மேலிருந்து கீழே போகும் column) சேர்க்காதீர்கள். தேவையில்லாத கட்டத்தைப் பதிவு செய்கிறவர் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்புவார். பிறகு அதை நம்பி அறிக்கை எடுப்பீர்கள்.

அடுத்து, ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு நிரை (குறுக்கே போகும் row) எதைக் குறிக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்த அட்டவணை இன்னும் தெளியவில்லை. ‘வரவு’ என்றால் ஒரு படகு ஒருமுறை கரைக்கு வந்தது. ‘வரவு வரி’ என்றால் அந்த வரவில் ஒரே இன மீன், ஒரே விலையில் நிறுக்கப்பட்டது. ஒரே படகில் பெரிய பாரைக்கு ஒரு விலையும் சின்னப் பாரைக்கு வேறொரு விலையும் பேசப்பட்டால் அவை இரண்டு வரிகள். சராசரி விலை போட்டு ஒன்றாக்கினால், ஒரு மாதம் கழித்துப் படகுக்காரர் கேட்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

விலையை அந்த வரியிலேயே எழுதிவைக்க வேண்டும். மீன் அட்டவணையிலிருந்து விலையை எடுத்துக் காட்டுமாறு செய்தால், இன்று அறக்குளாவின் விலையை மாற்றியதும் போன மாதத்துப் பில்களும் சேர்ந்து மாறிவிடும். வற் (VAT) எனும் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த வியாபாரத்துக்கும் இதே சிக்கல்தான். இலங்கையில் 2022இல் 8 வீதமாக இருந்த வற் அதே ஆண்டில் 12, பிறகு 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. ஆகவே வீதத்தை அது தொடங்கும் திகதியோடு தனி அட்டவணையில் வையுங்கள்.

முற்பண நிலுவைதான் அதிகம் தடுமாறும் இடம். ‘நிலுவை’ என்று ஒரு நிரல் வைத்து அதைத் திருத்திக்கொண்டே இருந்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தும்போது ஒருவருடைய தொகை காணாமற் போகும். கொடுத்தது ஒரு நிரை, கழித்தது இன்னொரு நிரை. கூட்டிப் பார்த்தால் வருவதே நிலுவை. பிழையான பதிவை அழிக்க யாருக்கும் அனுமதி வேண்டாம், முதலாளிக்கும் கூட. அதே தொகையைத் திருப்பிக் காட்டும் எதிர்ப்பதிவு ஒன்றைப் போட்டுச் சரிசெய்யட்டும்.

படகைப் பெயரால் அல்ல, பதிவு இலக்கத்தால் அடையாளம் காணுங்கள். உரிமையாளரைத் தனி அட்டவணையில், எந்தத் திகதியிலிருந்து என்று சேர்த்து எழுதுங்கள். படகு கைமாறும், பழைய கடன் பழைய உரிமையாளர் பேரிலேயே நிற்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தை எண்ணாக அல்ல, எழுத்தாகச் சேமியுங்கள். பழையதில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், 2016 முதல் வந்ததில் பன்னிரண்டு இலக்கமும் இருக்கும். தொலைபேசி இலக்கமும் அப்படித்தான், இல்லையென்றால் எக்ஸெல் முன்னாலுள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும். பணத்துக்குத் தசம வகையையே (decimal) பயன்படுத்துங்கள். மிதவை வகையில் (float) சதங்கள் பிசகும். நிறைக்கு மூன்று தசம இடம் வையுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் இரண்டு பொறிகள் உண்டு. பழைய கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளே. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடாகிய யூனிகோட்டுக்கு மாற்றாமல் ஏற்றினால் தேட முடியாது. இரண்டாவது, ‘கோ’ போன்ற எழுத்தை யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கணினிக்கு வேறு வேறு. ஒரே கோணேஸ்வரன் இரண்டு ஆளாகப் பதிவாகிவிடுவார். சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி மென்பொருள் எழுதுபவரிடம் கேளுங்கள்.

மாற்றத்தை வாடைக்காலத்தில் வையுங்கள். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும், வரவும் குறையும். பழைய ஆண்டுகளை ஏற்ற முயல வேண்டாம். ஒரு நாளைக் குறித்து அன்றைய நிலுவைகளை மட்டும் ஆரம்பப் பதிவாக இடுங்கள். பிறகு இரண்டு கிழமை கொப்பியும் டேட்டாபேஸும் சேர்ந்து ஓடட்டும். தினமும் வாங்கிய நிறை, விற்ற நிறை, மிச்சம் மூன்றையும் ஒப்பிடுங்கள். கிலோக் கணக்கில் வித்தியாசம் வந்தால் கழிவையும் கறிக்கு எடுத்த மீனையும் பாருங்கள். இரண்டுக்கும் பதிவிடம் வைக்காத திட்டத்தில் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது.

மின்சாரம் நின்றால் கணினியை ஒழுங்காக நிறுத்த ஒரு யூபிஎஸ் தேவை. தரவை மூன்று பிரதிகளாக வையுங்கள். ஒன்று கடலோரத்தை விட்டுத் தள்ளி, உள்ளே ஒரு வீட்டிலோ கிளவுடிலோ இருக்க வேண்டும். 2004 சுனாமி இந்தக் கரையையும் அடித்தது.

மென்பொருள் எழுதுபவருக்குப் பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். மென்பொருளின் மூலக் குறிமுறையும் (source code) நிர்வாகக் கடவுச்சொல்லும் உங்களுக்கு வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இடையில் கேட்கும் மாற்றம் ஒவ்வொன்றையும் விலையோடும் நாளோடும் எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தவணையை, பிரதி ஒன்றை எடுத்து வேறொரு கணினியில் டேட்டாபேஸை முழுதாக இயக்கி, நேற்றைய நிலுவையைக் காட்டிய பிறகு மட்டும் கொடுங்கள்.