பெட்ரோல் முள் தவறாகக் காட்டுகிறதா? மீட்டரை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

அத்திப்பள்ளி டோலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி இரண்டு முறை திக்கிவிட்டு நின்றது. முள் கால் டேங்க்கில் இருந்தது. பின் சீட்டில் அம்மா, அவர் மடியில் கிருஷ்ணகிரி சித்தி வீட்டு வளைகாப்புக்கு வாங்கிய வளையல் பெட்டி, பக்கத்தில் உரசுகிற மாதிரி போகும் லாரிகள். ஓசூரிலிருந்து மாமா பையன் பைக்கில் கேன் கொண்டுவந்து ஊற்றிய பிறகுதான் கிளம்ப முடிந்தது. டேங்க் சுத்தமாகக் காலியாக இருந்திருக்கிறது.

பெங்களூர் திரும்பியதும் ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மீட்டர் போர்டையே மாற்ற வேண்டும், 11,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்க்கும் அல்சூர் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் மீட்டர் பக்கமே போகவில்லை. "ஏம்மா, முள்ளு என்ன பண்ணும்? டேங்க்ல இருந்து வர்றதத்தானே காட்டும். மொதல்ல எர்த்தப் பாப்போம்" என்று பின் சீட்டைத் தூக்கினார். கோளாறு அங்கே ஒரு எர்த் போல்ட்டில், அதாவது டேங்க்கின் மின்சாரம் வண்டி பாடிக்குத் திரும்பும் இணைப்பில் இருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு துண்டு உப்புத்தாளோடு வேலை முடிந்தது.

அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றதையும், பிறகு தங்கை வண்டியிலும் பக்கத்து வீட்டு வண்டியிலும் நானே செய்து பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். மின்சாரம், மின்தடை அளக்கும் மல்டிமீட்டரைத் தொட்டே பார்க்காதவர்களும் பாதித் தூரம் செய்யலாம். எங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

முள் எப்படி நகர்கிறது

டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. கடைக்காரர்கள் ஃப்ளோட் என்பார்கள். அது மெல்லிய கம்பியின் முனையில் இருக்கும். பெட்ரோல் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனையில் உள்ள சின்ன உலோக விரல் ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசிக்கொண்டே நகரும். விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஓம்ஸ், அதாவது மின்தடையின் அளவு, மாறும். அந்த ஓம்ஸைத்தான் மீட்டர் முள்ளாக மாற்றிக் காட்டுகிறது. இந்த முழுச் சாமானுக்கும் டேங்க் யூனிட் என்று பெயர். பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கு கிடையாது. ஐரோப்பிய வழி யூனிட்டில் காலிக்கு 10 ஓம்ஸ், ஃபுல்லுக்கு 180. அமெரிக்க வழியில் தலைகீழ்: காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33. ஜப்பானிய வழி வண்டிகள் பலவற்றிலும் காலிக்குத்தான் ஓம்ஸ் அதிகம். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இந்த இரண்டு எண்களையும் முதலில் தேடி எழுதிவையுங்கள். அவை இல்லாமல் அளந்து பயனில்லை.

முதலில், முள் உண்மையிலேயே தவறா?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைப் போட்டுப் பாருங்கள். அடுக்குமாடி பார்க்கிங்கின் சரிவில் நின்றுகொண்டு பார்த்தால் எந்த வண்டியும் தவறாகத்தான் காட்டும். பெட்ரோல் குலுங்கும்போது முள் ஆடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே மெதுவாக நகரும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அதனால் பெட்ரோல் போட்டவுடன் முள் ஏறவில்லையே என்று பதற வேண்டாம். மேல் பாதி மெதுவாகவும் கீழ்ப் பாதி வேகமாகவும் இறங்குவது பல வண்டிகளில் டேங்க்கின் வடிவத்தால் வருவது. அதுவும் கோளாறு இல்லை.

கோளாறு என்பது இப்படி இருக்கும்: முள் எப்போதும் ஃபுல்லிலோ காலியிலோ ஒட்டிக்கொண்டிருக்கும், பாதியில் சிக்கி, பள்ளத்தில் வண்டி விழுந்ததும் குதிக்கும், அல்லது எனக்கு நடந்ததுபோல எப்போதும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ காட்டும். ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும் அல்லது பாடியில் தொடும். குதித்தால் பட்டை தேய்ந்திருக்கலாம். மாறாத வித்தியாசம் என்றால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் முள்ளோடு டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தவறினால், பழைய வண்டிகளில் மீட்டருக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டரைப் பாருங்கள். ஃபியூஸையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கை வைக்கும் முன்

இதை யாரும் தாண்டிப் போகக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தங்கும். பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. திறந்த வெளிக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். வெளிச்சத்துக்கு எல்.இ.டி டார்ச் மட்டும். போனை வீட்டில் வைத்துவிடுங்கள். சீட்டைத் தூக்கும்போதே பெட்ரோல் வாசனை வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். அது முள் பிரச்சினை இல்லை, கசிவு. அன்றே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கப்ளர் சோதனை

பல கார்களில் பின் சீட்டின் உட்காரும் பகுதியைத் தூக்கினால் கார்ப்பெட்டுக்குக் கீழே ஒரு தகட்டு மூடி தெரியும். அதைத் திறந்தால் டேங்க் யூனிட்டின் தலையும் அதில் செருகிய கப்ளரும் (ஒயர்களை இணைக்கும் பிளக்) தெரியும். இப்படி மூடி இல்லாமல் டேங்க்கையே இறக்க வேண்டிய வண்டி என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். லிஃப்ட் இல்லாமல் டேங்க்கை இறக்குவது வீட்டு வேலை அல்ல.

கப்ளரில் பெரும்பாலும் நாலு ஒயர் இருக்கும். தடித்த இரண்டும் பெட்ரோல் பம்புக்கு, அவற்றைத் தொடாதீர்கள். மெலிந்த இரண்டில் ஒன்று மீட்டருக்குப் போகிறது, மற்றது எர்த்.

பழைய முள் மீட்டர் வண்டியில் மட்டும் இதைச் செய்யலாம். சாவியை அணைத்துவிட்டுக் கப்ளரைக் கழற்றுங்கள். சாவியைப் போடுங்கள், முள் ஏதாவது ஒரு கோடிக்குப் போக வேண்டும். மறுபடி அணைத்து, மீட்டர் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே 10 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். முள் எதிர்க் கோடிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன; கோளாறு டேங்க் யூனிட்டிலோ எர்த்திலோதான். சாவி ஆனில் இருக்கும்போது ஒயரை உரசிப் பார்க்காதீர்கள், பொறி வரும்.

புது வண்டிகளில் அந்த ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கே இந்தச் சோதனை வேண்டாம். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி ஸ்கேனரில் எரிபொருள் அளவு தெரிகிற வண்டியானால், அதில் வரும் சதவீதமும் முள்ளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஸ்கேனர் சரியாகச் சொல்லி முள் மட்டும் தவறினால்தான் மீட்டர் போர்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எர்த்: என் வண்டியில் நடந்தது

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 போல ஏதாவது காட்டும். அது மல்டிமீட்டரின் சொந்த ஒயருக்கான தடை. பிறகு ஒரு முனையைக் கப்ளரின் எர்த் பின்னிலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத பாடி உலோகத்திலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழேதான் வர வேண்டும்.

எனக்கு 41 வந்தது.

அண்ணன் அந்த எண்ணை எழுதச் சொன்னார். அடுத்து டேங்க் யூனிட்டின் இரண்டு பின்களுக்கு நடுவே அளந்தார்: 12. என் வண்டி 10-180 வகை, அன்று டேங்க்கில் பெட்ரோல் ஏறக்குறைய இல்லை. ஆக யூனிட் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் மீட்டருக்குப் போனது 12-ம் 41-ம் சேர்ந்து 53. பத்திலிருந்து 180 வரை உள்ள 170 ஓம்ஸில் கால் பங்கு 42.5, அதோடு ஆரம்பப் பத்தைச் சேர்த்தால் 52.5. அத்திப்பள்ளியில் நான் பார்த்த கால் டேங்க் அதுதான்! மீட்டர் கொஞ்சமும் தவறவில்லை. உங்கள் வண்டி காலிக்கு ஓம்ஸ் கூடும் வகையென்றால் இதே கோளாறு இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும்.

அந்த 41 எங்கிருந்து வந்தது? எர்த் ஒயர் பின் சீட்டுக்குக் கீழே பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அப்போது எங்கள் பேஸ்மெண்டிலும் கார் தரைவிரிப்பு நனையும் அளவுக்கு ஏறியது. இன்ஜினைப் பார்த்துச் சரிசெய்தோம், சீட்டுகளைக் காயவைத்தோம். அந்த போல்ட்டை யாரும் பார்க்கவில்லை. கழற்றியபோது வளையத்துக்கு அடியில் பச்சையும் பழுப்புமாகப் பொடி உதிர்ந்தது. அந்த வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள், முள் சரியாக இருந்தாலும் ஒரு தடவை சீட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. வளையத்தின் இரு பக்கமும், போல்ட்டும், பாடியில் அது உட்காரும் இடமும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். மேலே வாசலின் தடவினால் ஈரம் அண்டாது. மறுபடி அளந்தேன்: 0.4.

யூனிட்டை வெளியே எடுப்பதென்றால்

எர்த்தும் மீட்டரும் சரியாக இருந்தால்தான் இது. பெட்ரோல் கால் டேங்க்குக்கு மேல் இருக்கக் கூடாது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் லைனுக்குள் அழுத்தம் இருக்கும். பம்பு ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினை ஓட்டுங்கள், தானாக அணையும். இன்னும் சில விநாடி செல்ஃப் அடித்துவிட்டு, பேட்டரியைக் கழற்றுங்கள். யூனிட்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் முழுதும் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்க்குக்குள் விழும். யூனிட் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். யூனிட்டைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கைத் தட்டிச் சுழற்றப் பித்தளைத் துண்டோ மரக்கட்டையோதான். இரும்பு உளி கூடாது. இதைத் தனியாக முதல் தடவை செய்யாதீர்கள். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வெளியே வந்ததும், ஆவி போகும்வரை காற்றில் வைத்துவிட்டு, மல்டிமீட்டரை மாட்டி ஃப்ளோட் கம்பியைக் கீழிருந்து மேலாக மிக மெதுவாக நகர்த்துங்கள். எண்கள் வழுக்கிக்கொண்டு மாற வேண்டும். நடுவில் எண் மறைந்தாலோ திடீரென்று தாவினாலோ அந்த இடத்தில்தான் கோளாறு. பட்டையில் சீப்புப் பற்கள் மாதிரி நெருங்கிய வெள்ளிநிறக் கோடுகள் தெரியும். பெட்ரோலில் இருக்கும் கந்தகம் அவற்றைக் கறுக்க வைக்கும். 2020 ஏப்ரலில் வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதியான பி.எஸ். 6-ன்படி பெட்ரோலில் கந்தகம் 10 பி.பி.எம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு), அதற்கு முந்தைய பி.எஸ். 4-ல் 50. பழைய வண்டிகளில் கறுப்பு படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனரைப் பஞ்சில் நனைத்து மெல்லத் துடைத்தால் போகும். உப்புத்தாள் இங்கே கூடவே கூடாது. எர்த் போல்ட்டுக்குக் காட்டிய கையை இதில் காட்டினால் பட்டையே போய்விடும். கோடுகள் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் பழைய யூனிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சில வண்டிகளுக்குப் பம்போடு சேர்த்துத்தான் வரும், சிலவற்றுக்கு ஃப்ளோட் பகுதி மட்டும் தனியாகக் கிடைக்கும். தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் முழுசாக வாங்காதீர்கள்.

ஃப்ளோட்டைக் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. கனத்துத் தாழ்ந்து மிதப்பதால் முள் குறைத்துக் காட்டும். அதை மாற்றிவிடுங்கள். கம்பியை வளைத்து முள்ளைச் சரிசெய்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். இரு கோடியிலும் ஓம்ஸ் சரியாக இருந்தும் முள் பிசகினால் மட்டும், அதுவும் கடைசி வழியாக.

திருப்பி மாட்டும்போது புது ரப்பர் ரிங் போடுங்கள். சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறிக் கழன்று பம்பு வடிகட்டியில் சிக்கும். மாட்டி முடித்து, சாவியை நாலைந்து தடவை போட்டு அணைத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள்.

கடைசியாக, டேப் ஒட்டுவது

ரிசர்வ் விளக்கு எரிந்ததும் காலையில் கூட்டமில்லாத நேரமாக ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் போங்கள். 5 லிட்டர் போடச் சொல்லுங்கள். வண்டியைச் சமதரையில் ஓரமாக நிறுத்தி, முள் நின்ற இடத்துக்கு நேராக மீட்டர் கண்ணாடியில் மெல்லிய டேப்பை ஒட்டி 5 என்று எழுதுங்கள். திரும்ப வந்து இன்னொரு 5. டேங்க் நிறைந்து பைப் தானாக நிற்கும்வரை (ஆட்டோ கட்) இப்படியே. அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லிதான் முன்பின் இருக்கலாம்.

மொத்தம் போட்டதை மேனுவலில் உள்ள டேங்க் அளவிலிருந்து கழித்தால், விளக்கு எரியும்போது எவ்வளவு மிச்சம் என்று தெரியும். என்னுடையது 35 லிட்டர் டேங்க், 30 பிடித்தது. ஆக விளக்கு வந்தால் சுமார் 5. அதற்குக் கீழே நான் இறக்குவதில்லை. பம்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றபடி ஓடினாலும், அந்த 5 லிட்டர் அம்மாவை நடுரோட்டில் நிறுத்தாமல் அடுத்த பங்க் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.