அயர்லாந்தின் கிராமக் கலகங்கள்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அயர்லாந்தின் கிராமங்கள் எப்படி இருந்தன என்று கேட்டால், நம்மில் பலரிடம் ஒரு சித்திரம் தயாராக இருக்கிறது. ஒரு பக்கம் ஆங்கிலேய நிலப்பிரபு, மறுபக்கம் பட்டினி கிடக்கும் கத்தோலிக்கக் குடியானவன், நடுவில் துப்பாக்கியோடு போலீஸ். இது முழுப் பொய்யில்லை. ஆனால் இதை மனத்தில் வைத்துக்கொண்டு அக்காலத்து நிகழ்ச்சிகளைப் படிக்க ஆரம்பித்தால் அடிக்கடி இடறும். மிரட்டல் கடிதம் வந்தது சில ஏக்கர் மட்டுமே வைத்திருந்த ஒரு குத்தகைக்காரனுக்கு என்றிருக்கும், கொல்லப்பட்டவனும் கொன்றவனும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்களாக இருப்பார்கள், கூடுதல் போலீஸ் வேண்டாம் என்று தயங்கியவர் உள்ளூர் மாஜிஸ்திரேட்டாகவே இருப்பார். இடறும் இடங்களைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் காலக் குழப்பம். அயர்லாந்து என்றதும் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் நினைவுக்கு வருவதால், அதற்கு முன் நடந்த எல்லாக் கலகத்தையும் பஞ்சத்தின் விளைவாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. கலகங்களின் மரபு அதைவிட மிகப் பழையது. இரவில் உடைக்கு மேல் வெள்ளைச் சட்டை அணிந்து, பொது மேய்ச்சல் நிலத்தை வளைத்துக் கட்டிய வேலிகளை இடித்துத் தள்ளிய 'ஒயிட்பாய்' கூட்டத்தார் 1761இலேயே திப்பெராரி மாவட்டத்தில் கிளம்பிவிட்டார்கள். நெப்போலியனுடனான போர் 1815இல் முடிந்ததும் தானிய விலை சரிந்தது. குத்தகைத் தொகை மட்டும் போர்க்கால விலைக்கேற்ப நிர்ணயித்தபடியே நின்றது. 1816இல் விளைச்சலும் பொய்த்தது, கூடவே டைபஸ் காய்ச்சல் பரவியது. அதற்குப் பின் வந்த கலகங்களைப் புரிந்துகொள்ள இந்த விலைச் சரிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது, பெயர்களைப் பார்த்து ஏமாறுவது. திரெஷர்கள், ரிப்பன்மென், ராக்கைட்டுகள், டெர்ரி ஆல்ட்டுகள் என்று பெயர்கள் வரிசையாக வருவதால், தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர் பதிவேடு எல்லாம் கொண்ட ஒரே இரகசியப் படை பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தது என்று எண்ணத் தோன்றும். அன்றைய அதிகாரிகள் சிலரும் அப்படித்தான் நம்பினார்கள். ரிப்பன்மென் இயக்கத்தில் நகரம் சார்ந்த, அரசியல் நோக்கமுள்ள அமைப்புகள் இருந்தது உண்மை. ஆனால் 1821 முதல் 1824 வரை மன்ஸ்டர் மாகாணத்தை உலுக்கிய 'கேப்டன் ராக்' ஒரு மனிதர் அல்ல, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கையொப்பம். ஊருக்கு ஊர் ஒரு கேப்டன் ராக் இருந்தார். அவர் பெயரில் வந்த அறிவிப்புகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும்: கதவில் ஒட்டப்பட்ட தாளின் மேலே சவப்பெட்டிப் படம், கீழே 'இதனால் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்' என்கிற தோரணையில் அரசாணையின் நடையையே காப்பியடித்த வாசகம், இன்ன நிலத்தை இன்ன தேதிக்குள் விட்டுவிட வேண்டும் என்ற கெடு, கடைசியில் கேப்டன் ராக்கின் ஒப்பம். எழுதியவர் அரை எழுத்தறிவு உள்ளவர் என்பதை எழுத்துப் பிழைகள் காட்டிக்கொடுக்கும். இருந்தாலும் தன்னை அவர் கொள்ளைக்காரனாக நினைக்கவில்லை, இன்னொரு சட்டத்தின் அதிகாரியாகவே நினைத்தார். நிலத்தை யார் வைத்திருக்கலாம், எவ்வளவு குத்தகை கேட்கலாம், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தைப் புதியவன் எடுக்கலாமா என்பவை அந்தச் சட்டத்தின் பிரிவுகள். மீறினால் தண்டனை கொடூரமானது: மாட்டின் பின்கால் நரம்பை அறுப்பது, வீட்டுக்குத் தீ வைப்பது, கம்பளி சிக்கெடுக்கும் முட்சீப்பால் மனிதனின் முதுகைக் கீறுவது, சில வேளைகளில் கொலை.

யார் யாருக்கு எதிராக நின்றார்கள் என்பதில்தான் மிகப் பெரிய சறுக்கல் நேர்கிறது. 'நிலப்பிரபுவுக்கு எதிராகக் குடியானவர்கள்' என்ற ஒற்றை வரியில் 'குடியானவர்கள்' என்ற சொல் செய்யும் மோசடியைக் கவனிக்க வேண்டும். நிலவுடைமையாளருக்குக் கீழே இடைக்குத்தகைக்காரர், அவருக்குக் கீழே நூறு ஏக்கரில் மாடு மேய்க்கும் பெரிய விவசாயி, பிறகு சிறு குத்தகைக்காரர், அடியில் குடிசையும் ஒரு துண்டுத் தோட்டமும் கூலிக்கு ஈடாகப் பெற்ற கூலியாள் என்று அடுக்கடுக்காக இருந்த சமூகம் அது. கூலியாளின் உயிர் 'கொனேக்கர்' என்ற ஏற்பாட்டில் தொங்கியது. ஒரே ஒரு பருவத்துக்கு, உருளைக்கிழங்கு போட, கால் ஏக்கரோ அரை ஏக்கரோ அவன் எடுப்பான். அதற்கு எக்கச்சக்கமான வாடகை வாங்கியவர் பெரும்பாலும் ஆங்கிலப் பிரபு அல்ல, பக்கத்து விவசாயிதான். 1831இல் கிளேர் மாவட்டத்தில் டெர்ரி ஆல்ட்டுகள் இரவில் கூட்டமாக வந்து, மண்வெட்டியால் புல்வெளிகளைக் கொத்திப் புரட்டிவிட்டுப் போனதை வெறும் நாசவேலை என்று கடந்துவிடக் கூடாது. கொத்திப் போட்ட புல்வெளியில் மாடு மேய்க்க முடியாது, கிழங்குக்குத்தான் விட வேண்டும். அதுதான் கணக்கு.

பெரிய விவசாயியும் கூலியாளும் கைகோத்த சந்தர்ப்பங்களும் உண்டு. அதற்கும் காரணம் தேடிப் பார்க்க வேண்டும், 'தேசிய உணர்வு' என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. அரசு சார்ந்த புராட்டஸ்டன்ட் திருச்சபைக்குக் கத்தோலிக்கர் உட்பட எல்லோரும் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கிலான வரி, கட்ட வேண்டியிருந்தது. ஆனால் 1730களில் அயர்லாந்து நாடாளுமன்றம் எடுத்த நிலைப்பாட்டின் காரணமாக மேய்ச்சல் நிலத்துக்குத் தசமபாகம் வசூலிக்கப்படுவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. நூறு ஏக்கர் புல்வெளிக்காரன் தப்பினான், கிழங்கு போட்டவன் கட்டினான். 1823இல் வந்த சட்டம், தசமபாகத்தைப் பணமாகக் கணக்கிட்டு மேய்ச்சல் நிலத்தின் மீதும் பரப்ப வழிசெய்தது. நியாயத்தை நோக்கிய திருத்தம்தான். விளைவு வேறாகிவிட்டது: அதுவரை ஒதுங்கியிருந்த மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கும் இப்போது தசமபாகம் வலித்தது. 1830இன் இறுதியில் கில்கென்னி மாவட்டத்தின் கிரெய்க்நமனா பகுதியில் தொடங்கி, 'தசமபாகப் போர்' என்று பெயர்பெற்ற எதிர்ப்புக்கு வசதியானவர்களின் ஆதரவு கிடைத்ததை இந்தச் சட்டத்தை விட்டுவிட்டு விளக்க முடியாது.

மத விஷயத்தில் இரண்டு பக்கமும் சறுக்கலாம். எல்லாமே கத்தோலிக்கர்–புராட்டஸ்டன்ட் சண்டை என்பது ஒரு பக்கம். 1806இல் மேற்கு மாவட்டங்களில் கிளம்பிய திரெஷர்கள் தசமபாகத்தோடு சேர்த்துத் தங்கள் சொந்தப் பாதிரியார்களின் கட்டணங்களையும் குறைக்கச் சொன்னார்கள். லவுத் மாவட்டத்தின் 'வைல்ட்கூஸ் லாட்ஜ்' நிகழ்ச்சி இன்னும் இருண்டது. 1816 ஏப்ரலில் அந்த வீட்டில் ஆயுதம் தேடிப் புகுந்தவர்களை வீட்டுக்காரர் எட்வர்ட் லிஞ்ச் அடையாளம் காட்டினார், மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். அக்டோபர் இறுதியில் ஒரு நள்ளிரவு அந்த வீடு கொளுத்தப்பட்டது. கைக்குழந்தை உட்பட உள்ளே இருந்த எட்டுப் பேரும் மாண்டார்கள். லிஞ்ச் கத்தோலிக்கர். தலைமை தாங்கியதாகத் தூக்கிலிடப்பட்ட பாட்ரிக் டெவன் கத்தோலிக்கச் சிற்றாலயம் ஒன்றின் எழுத்தர். அந்த வழக்கில் மொத்தம் பதினெட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். சாட்சி சொன்னவனைத் தண்டிப்பதுதான் அங்கே நோக்கம், மதம் அல்ல.

மறுபக்கம், மதமே கிடையாது என்று சொல்லிவிடுவதும் தவறு. 1825இல் புராட்டஸ்டன்ட் சமயம் அழியும் என்ற, பாஸ்டோரினி என்ற புனைபெயரில் வெளிவந்த பைபிள் தீர்க்கதரிசன விளக்கம் ராக்கைட்டுகளின் காலத்தில் துண்டுத்தாள்களாக ஊர் ஊராகப் பரவியிருந்தது. அந்தக் கலகத்தின் மூலம் எது என்று பார்த்தாலோ லிமெரிக் மாவட்டத்தில் கோர்ட்னி பிரபுவின் எஸ்டேட்டில் போய் நிற்கும். புதிய ஏஜெண்ட் அலெக்சாண்டர் ஹாஸ்கின்ஸ் பழைய பாக்கிகளைக் கறாராகக் கேட்டார், குத்தகையைக் கூட்டினார். 1821 ஜூலையில் அவர் மகன் கொல்லப்பட்டார். பணத் தகராறில் பிறந்த கோபம் தீர்க்கதரிசனத்தின் மொழியில் பேசியது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இனி போலீஸ். இங்கே ஆண்டுகளைக் குழப்பிக்கொள்வது சர்வ சாதாரணம். 'ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி' என்ற பெயரை 1820களின் சம்பவங்களுக்குப் போடுகிறவர்கள் கவனிக்க: 'ராயல்' என்ற பட்டம் 1867இல்தான் வந்தது. இராபர்ட் பீல் போலீஸைக் கண்டுபிடித்தது 1829இல் லண்டனில் என்பதும் பாதி உண்மைதான். அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்தபோதே, 1814இல், அவர் அமைதிகாப்புப் படை ஒன்றை உருவாக்கினார். அது முதலில் அனுப்பப்பட்ட இடம் திப்பெராரியின் மிடில்தேர்ட் வட்டாரம், அதன் தலைமை மாஜிஸ்திரேட் ரிச்சர்ட் வில்காக்ஸ். 'பீலர்' என்ற பட்டப்பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இந்தப் படை நிரந்தரமாக ஊரில் இருந்ததல்ல. கலகப் பகுதி என்று பிரகடனம் செய்த இடத்துக்கு மட்டும் வரும், வந்தால் செலவு அந்த வட்டாரத்தின் தலையில் விழும். நான் முதலில் சொன்ன மாஜிஸ்திரேட்டின் தயக்கத்துக்குக் காரணம் இதுதான். ஊர் கெட்டுக் கிடக்கிறது என்று எழுதினால் பில் தனக்கும் தன் குத்தகைக்காரர்களுக்கும் வரும். அதனால் 1817இல் செலவில் ஒரு பகுதியை அரசே ஏற்க வகைசெய்யப்பட்டது.

1822இல் அப்போதைய தலைமைச் செயலர் ஹென்றி கோல்பர்ன் கொண்டுவந்த சட்டம் மாவட்டந்தோறும் நிரந்தரக் கான்ஸ்டபிள் படையை ஏற்படுத்தி, நான்கு மாகாணங்களுக்கும் நான்கு இன்ஸ்பெக்டர் ஜெனரல்களை அமர்த்தியது. சாதாரணக் கான்ஸ்டபிளை நியமிக்கும் உரிமை மட்டும் உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளிடமே தங்கியது. அதைப் பிடுங்கி மைய அரசிடம் சேர்த்தது 1836இன் சட்டம். அதன் பிறகுதான் ஜேம்ஸ் ஷா கென்னடியின் கீழ் நாடு முழுவதற்கும் ஒரே படை வந்தது. சொந்த மாவட்டத்தில் வேலை கிடையாது என்ற விதியும், புராட்டஸ்டன்ட்டுகளின் ஆரஞ்சு சங்கம் போன்ற இரகசிய அமைப்புகளில் சேரத் தடையும் அந்தப் படையின் அடையாளங்கள். கான்ஸ்டபிள் என்றால் ஆங்கிலேயன் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள், அவர்களில் கத்தோலிக்க விவசாயிகளின் பிள்ளைகளும் கணிசம். நம் சென்னை மாகாணப் போலீஸை 1859இல் சீரமைத்தபோது இந்த ஐரிஷ் முன்மாதிரியின் சாயல் அதில் விழுந்தது என்பதால் நமக்கு இதில் ஒரு தனி ஆர்வம் வருவது இயற்கை. அதற்காக நம் ஊர் ஸ்டேஷனை 1820களின் திப்பெராரியில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கக் கூடாது.

போலீஸ், இராணுவம், யோமன்ரி மூன்றையும் ஒன்றாக்குவதும் அடிக்கடி நடக்கிறது. 1831 ஜூனில் நியூடவுன்பேரியில் தசமபாகத்துக்காக ஜப்தி செய்த கால்நடைகளின் ஏலத்தின்போது கூட்டத்தைச் சுட்டவர்கள் யோமன்ரி, அதாவது பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்டுகளைக் கொண்ட உள்ளூர்த் தன்னார்வப் படை. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று கில்கென்னியின் காரிக்ஷாக்கில் சிக்கியவர்கள் கான்ஸ்டபிள்கள். எட்மண்ட் பட்லர் என்ற அமீனா தசமபாகச் சம்மன் கொடுக்கப் போக, தலைமைக் கான்ஸ்டபிள் கிப்பன்ஸ் தம் ஆட்களோடு துணைக்கு நடந்தார். கூட்டம் கேட்டது பட்லரை மட்டும்தான். இருபுறமும் சுவர் எழுந்த ஒடுங்கிய சந்தில் படை அகப்பட்டுக்கொண்டது. நீண்ட துப்பாக்கியை ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் கல்லும் கவைக்கோலும் வரும்போது அந்த நேரம் கிடைக்கவில்லை. பட்லர், கிப்பன்ஸ், பத்துக்கும் மேற்பட்ட கான்ஸ்டபிள்கள், கூட்டத்தில் மூவர் என்று பிணங்கள் விழுந்தன. 1832இல் நடந்த வழக்குகளில் கத்தோலிக்கர்களின் அரசியல் தலைவரும் வழக்கறிஞருமான டேனியல் ஓ'கானல் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடினார், ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இதை வைத்து ஓ'கானல் இரவுக் கூட்டங்களின் ஆதரவாளர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரகசியச் சங்கங்களை அவர் வெளிப்படையாகக் கண்டித்தவர்.

எண்ணிக்கைகளையும் அப்படியே எடுத்தாளக் கூடாது. அதிகாரிகள் அனுப்பிய 'அட்டூழியப்' பட்டியலில் மிரட்டல் கடிதமும் கொலையும் ஆளுக்கொரு எண்ணாக உட்கார்ந்திருக்கும். சந்தை நாட்களில் இரண்டு குடும்பக் கட்சிகள் தடியோடு மோதிக்கொள்ளும் கோஷ்டிச் சண்டைகளும் சில இடங்களில் இதே கணக்கில் கலந்துவிடுகின்றன. குத்தகைக்கும் அவற்றுக்கும் பல நேரங்களில் சம்பந்தமே இருக்காது. கடுமையான சட்டம் இருந்தது என்பதிலிருந்து எல்லோரும் அதனால் தண்டிக்கப்பட்டார்கள் என்றும் ஊகிக்கக் கூடாது. 1822இல் மீண்டும் வந்த கிளர்ச்சிச் சட்டத்தின்படி, பிரகடனம் செய்யப்பட்ட பகுதியில் சூரியன் மறைந்த பின் வீட்டில் இல்லாதவனை ஜூரி இல்லாமலேயே விசாரித்து ஏழாண்டு நாடுகடத்தலாம். ஆனாலும் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டார்கள்.

கடைசியாக, தசமபாகப் போர் எப்படி முடிந்தது என்பதில் ஒரு தவறு நிலைத்துவிட்டது. 1834 டிசம்பர் 18 அன்று கார்க் மாவட்டத்தின் ராத்கார்மக் அருகே, ஒரு விதவை தர வேண்டிய இரண்டு பவுண்டு பாக்கிக்காக அரசு சார்ந்த திருச்சபையின் மூத்த குருவான ஆர்ச்டீக்கன் ரைடர் படையோடு போனார். பாக்கி கேட்டவரும் அவரே, அங்கிருந்த மாஜிஸ்திரேட்டும் அவரே. துருப்புகள் சுட்டதில் விழுந்தவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் என்பதால், ஒரே எண்ணை அடித்துச் சொல்வதைவிடப் பத்துப் பேர் அளவில் என்று எழுதுவதே நேர்மை. நான்காண்டுகள் கழித்து, 1838இல், தசமபாகம் ஒழிக்கப்பட்டது என்று பல இடங்களில் படிக்கலாம். ஒழியவில்லை. தொகை கால் பங்கு குறைந்தது, கட்டும் பொறுப்பு நிலவுடைமையாளரிடம் போனது, அவர் அதைக் குத்தகையில் சேர்த்து வாங்கிக்கொள்ள முடிந்தது. அமீனா சம்மனோடு அந்தச் சந்துகளில் நடந்துபோக வேண்டிய அவசியம்தான் நின்றது.