உதவித்தொகை கிடைக்கவில்லையா? வக்கீலை இப்படித் தேடுங்கள்

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குக் கொடுத்த மனுவைத் தள்ளிவிட்டாலோ, மாதாமாதம் வந்துகொண்டிருந்த 2000 ரூபாய் திடீரென்று நின்றுபோனாலோ பலரும் முதலில் போய் நிற்பது புரோக்கரிடம்தான். என் அத்தையும் அப்படித்தான் போனார், 5000 ரூபாயைக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் அலைந்தார். பைசா செலவில்லாமல் வக்கீல் கிடைத்திருப்பார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லையே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம், 12ஆம் பிரிவு. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகா அளவில் வட்டக் குழு இருக்கும். அலைய முடியாதவர்கள் 15100க்கு போன் செய்து கேட்கலாம். நடந்தது என்ன, என்ன வேண்டும் என்று சாதாரணத் தாளில் எழுதி, அடையாள அட்டை நகலைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். அவர்கள் ஒதுக்கும் வக்கீல் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அங்கேயே புகார் கொடுங்கள், வேறு வக்கீல் வேண்டும் என்றும் கேளுங்கள். மாடி ஏற முடியாது, சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் தயங்காமல் மனுவிலேயே எழுதுங்கள், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

ஆனால் வக்கீலைப் பார்க்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. "தள்ளிட்டாங்க" என்று வாயால் சொன்னால் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது, காரணம் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் தர மறுத்தால் 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாட்டின் சதவீதத்தைக் குறைத்துப் போட்டதுதான் சிக்கல் என்றால் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். அதற்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது. அப்புறம், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம். சம்மன் அனுப்ப, ஆவணங்களை வரவழைக்க சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால் அந்தத் துறை எடுத்த நடவடிக்கையையோ, ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தையோ மூன்று மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். நிறையப் பேருக்கு இந்த வழியிலேயே காரியம் முடிந்துவிடலாம் என்பதால்தான் சொல்கிறேன்.

சரி, சொந்தச் செலவில்தான் வக்கீல் வைக்கப் போகிறீர்களா? உங்கள் ஊர் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் விசாரியுங்கள், யார் உண்மையாகவே இந்த மாதிரி வழக்கு நடத்தியிருக்கிறார் என்று அங்கேதான் தெரியும். வக்கீல்கள் விளம்பரம் செய்யவே அவர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி இடம் தராது, அதனால் நோட்டீஸ் அடித்துக் கூப்பிடுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். "ஜெயித்தால் வருகிற பணத்தில் இத்தனை சதவீதம்" என்று பேசுவதும் விதிப்படி தவறு. விபத்தில் கை கால் போனவர்களின் இழப்பீட்டு வழக்கில் இந்தப் பேச்சு அதிகம் வரும், விழுந்துவிடாதீர்கள். மொத்த ஃபீஸ் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் தர வேண்டும் என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். வக்காலத்தில், அதாவது உங்களுக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைரேகையோ வேண்டவே வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ் வீட்டிலேயே இருக்கட்டும், நகல் மட்டும் கொடுங்கள்.