கோத்தகிரியில் ஐந்து நிமிஷம், திருப்பூரில் மூன்று

மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த புதிதில் ஒருநாள் போன் பண்ணினாள். "அம்மா, நீ குடுத்துவிட்ட அதே டீத்தூள்தான். ஆனா கசக்குது. அத்தை ஒரு வாய் குடிச்சிட்டு டம்ளரை வச்சிட்டாங்க." தூளில் குறை இருக்காது என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் நான் கொழுந்து எடுத்த கோத்தகிரி மலையில் அரைத்த தூள் அது. மறுவாரமே பஸ் ஏறிப் போய், அவள் அடுப்படியில் நின்று பார்த்தேன்.

கோத்தகிரி சுமார் 6,000 அடி உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திருப்பூரில் 99 ஆக வேண்டும். அந்த ஐந்து டிகிரி கூடுதல் சூட்டில் சாயம் விறுவிறுவென்று இறங்கும்; துவர்ப்பும் பின்னாலேயே இறங்கிவிடும். என்னிடம் பார்த்துப் பழகிய ஐந்து நிமிஷத்தை அவள் அங்கேயும் வைத்திருந்தாள். மூன்று நிமிஷத்தில் வடிகட்டச் சொன்னேன். பாதிக் கசப்பு போய்விட்டது.

மீதிக்குக் காரணம் தண்ணீர். குழாயில் வந்த உப்புத் தண்ணியை ஊற்றியிருந்தாள். டம்ளரில் மேலே ஏடுபோல ஒரு படலம் மிதந்தது. நீரில் சுண்ணாம்புச் சத்து கூடினால் தேநீரில் அப்படித்தான் படலம் கட்டும், நிறமும் மங்கிக் கறுக்கும். சமையலுக்குப் பிடித்து வைக்கிற நல்ல தண்ணியையே டீக்கும் எடுங்கள். ஒருமுறை கொதித்து ஆறியதைத் திரும்பச் சுட வைக்காதீர்கள்.

இனி கை அளவு. ஒரு ஆளுக்கு 150 மில்லி டீ என்றால் 100 மில்லி தண்ணீர், தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள், 50 மில்லி பால். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் தூளைப் போட வேண்டும். ஒரு கலக்குக் கலக்கி, தட்டுப் போட்டு மூடுங்கள். மூடாமல் விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். அதற்காகத்தானே மலைத் தூளைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பால் இன்னொரு அடுப்பில் தனியாகக் காயட்டும். தூளையும் பாலையும் ஒன்றாகப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிடுகிற வழக்கம் பல வீட்டில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறம் கிடைக்கும், நீலகிரித் தூளின் வாசம் அதில் தங்காது. சாயத்தை வடிகட்டிய பிறகு சூடான பாலை ஊற்றினால் போதும். பாலில் உள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு நாக்குக்கு இதமாக்கும். வடிகட்டும்போது சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியக் கூடாது. இஞ்சி, ஏலக்காய் உங்கள் விருப்பம். இஞ்சி போடுவதானால் தட்டித் தண்ணீரோடு கொதிக்க விடுங்கள்.

கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் சிடிசி ரகம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிய குருணை அது, பாலுக்கு ஏற்றது. டஸ்ட் என்கிற பொடி ரகம் இன்னும் வேகமாகச் சாயம் விடும். நேரத்தை ஒரு நிமிஷம் குறையுங்கள். முழு இலையாகச் சுருண்டிருக்கும் ஆர்த்தடக்ஸ் கிடைத்தால் பாலே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் செடி மெல்ல மெல்லத் துளிர்க்கும். அந்தக் கொழுந்துக்கு மணம் அதிகம். விரல் விறைத்துப்போகிற குளிரில் அதைக் கிள்ளியிருக்கிறேன். கையிலேயே வாசம் ஒட்டிக்கொள்ளும்.

செயற்கை நிறம் கலந்த தூளோ என்று சந்தேகம் வந்தால், ஈரமான வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவுங்கள். சட்டென்று நிறம் கசிந்து பரவினால் அதை வாங்காதீர்கள். நல்ல தூளைக் காற்றுப் புகாத டப்பாவில், மசாலா சாமான்களை விட்டுத் தள்ளி வையுங்கள். பெருங்காய டப்பா பக்கத்தில் வைத்து அரைக் கிலோவை நான் ஒருமுறை இழந்திருக்கிறேன்.

எங்கள் அப்பா பால் சேர்த்ததே இல்லை. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில், இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, இந்த மலையில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தவர். அவருக்குத் தேத்தண்ணிதான்; டீ என்ற சொல் கடைசி வரை வாயில் வரவில்லை. தூள் அரை ஸ்பூன், மூடி வைத்து வடித்து, சீனி போடாமல் கொடுக்க வேண்டும். இடது உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம். ஒரு கடி, ஒரு மிடறு. திருப்பூரில் சம்பந்தி அம்மாவுக்கு அன்றைக்குச் சாயங்காலம் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். வெல்லம் தீர்ந்ததும் இன்னொரு துண்டு கேட்டார்.