நாற்பதுக்கு மேல் ஐஸ் பாய்: கடற்கரையில் ஒளிந்து விளையாடத் தொடங்குவது எப்படி?

மூன்று வருஷத்துக்கு முன்னால், வீட்டுக் கல்யாணம் முடிந்த மறுநாள், விருந்தாளிகளோடு ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கும் அரியமான் கடற்கரைக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் சவுக்கு மரங்களுக்கு நடுவே ஐஸ் பாய் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆள் போதவில்லை என்று என் மதினியைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அவருக்கு அப்போது 46 வயது. போய் ஒளிந்தார். பத்து நிமிஷமாகியும் ஆளைக் காணோம். பிடிக்கிற பையன் தூரமாக எங்கேயோ தேடிக்கொண்டிருந்த நேரத்தில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிதானமாக நடந்து வந்து, தாச்சி மரத்தை, அதாவது ஆட்டத்துக்கு மையமாக வைத்த மரத்தை, தொட்டு "ஐஸ்!" என்றார். அந்தச் சிரிப்பை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறோம். சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், அவர்கள் கூட்டிவரும் ஆட்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிடுவோம். புதிதாக வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெறும் ஓடிப்பிடிச்சு வேண்டாம். 22 வயதுப் பையன் ஒருவன் இருந்தால் போதும், ஆட்டம் அவனுடையது ஆகிவிடும், மற்றவர்கள் ஐந்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். வயது ஏற ஏறக் கால் வேகம் குறைகிறது, ஆனால் அசையாமல் காத்திருக்கும் பொறுமை கூடுகிறது. அதனால் ஒளிவது அதிகமாகவும் ஓட்டம் கடைசிப் பத்து நொடி மட்டுமாகவும் இருக்கிற ஆட்டமே நமக்குச் சரி. ஐஸ் பாய் அப்படிப்பட்டது.

தெரியாதவர்களுக்காக விதியைச் சொல்கிறேன். ஒருவர் தாச்சி மரத்தில் முகம் புதைத்து எண்ணுவார், மற்றவர்கள் ஒளிவார்கள். அவர் ஒருவரைப் பார்த்துவிட்டால், பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடி வந்து தாச்சியைத் தொட வேண்டும். பார்க்கப்பட்டவர் அவருக்கு முன்னால் தொட்டுவிட்டால் தப்பித்தார். யாரும் பார்க்காத நேரத்தில் வந்து தொட்டு "ஐஸ்" என்றாலும் தப்பித்தார். பிடிக்கிறவர் தாச்சியை விட்டுத் தூரம் போனால் பின்னால் யாராவது வந்துவிடுவார், போகாமல் இருந்தால் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தவிப்புதான் ஆட்டமே.

துரத்துவதெல்லாம் சின்னப் பிள்ளைகள் வேலை என்று யாராவது சொன்னால் கோ-கோவைச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் டெல்லியில் அதற்கு முதல் உலகக் கோப்பை நடந்து, ஆண், பெண் இரண்டு பிரிவிலும் இந்தியா வென்றது. இத்தாலியில் 2010-இல் பெரியவர்களுக்கென்றே ஒரு கண்ணாமூச்சிப் போட்டியைத் தொடங்கினார்கள். அணிக்கு ஐந்து பேர். தாச்சிக்குப் பதிலாக மைதானத்தின் நடுவில் ஒரு மெத்தை.

இடம் பார்ப்பது

வேறு எதையும்விட இதற்கு அதிக நேரம் செலவழியுங்கள். நம் கரை தட்டையானது, ஒளிய இடம் குறைவு. வெறும் மணல்வெளியில் இந்த ஆட்டம் நடக்காது. சவுக்குத் தோப்பு, பனை வரிசை, மணல் மேடு இவை கலந்த இடம் வேண்டும். உச்சிப்புளிப் பக்கம் வடகடலை (பாக் நீரிணைப் பக்கத்துக் கடலை) நோக்கித் திரும்பினால் அப்படிப்பட்ட இடங்கள் கிடைக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே மாறிவிடும். நாம் கடலில் இறங்கப் போவதில்லை என்றாலும், காற்றில் மணல் கண்ணில் அடித்தால் யாரையும் தேட முடியாது. அதனால் காற்றைப் பார்த்துக் கரையை மாற்றிக்கொள்ளுங்கள்.

சில இடங்களை அடியோடு தவிருங்கள். தனுஷ்கோடியின் இடிந்த சுவர்கள் ஒளிவதற்கு வசதியாகத் தெரியும். வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் ஒரு ஊரே போன இடம் அது, இன்றைக்கும் மக்கள் முன்னோருக்காக அந்தக் கரைக்கு வருகிறார்கள். சுவர்களும் உப்புக்காற்றில் அரித்து நிற்கின்றன, கை வைத்தால் கல் பெயரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. உப்பளத்து வரப்பும் காரங்காட்டுப் பக்கத்துச் சதுப்பும் ஓடுகிற தரை இல்லை.

மீனவர் குடியிருப்புக்குப் பக்கத்தில் என்றால் முதலில் அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். கருவாடு காயப் போட்டிருக்கும் மணலும் விரித்து வைத்த வலையும் அவர்களுடைய வேலைக்களம். வள்ளத்துக்குப் பின்னால் ஒளியலாமா என்பதை வள்ளத்துக்காரர்தான் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்ட இடங்களில் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். ஒருமுறை வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் தேடிக்கொண்டிருந்த ஆள் இருக்கும் திசையைக் கண்ணாலேயே காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து வேடிக்கை பார்ப்பவர்கள் சாடை காட்டக் கூடாது என்பதையும் விதியில் சேர்த்துவிட்டோம்.

எல்லை போடுவது

காலடிக் கணக்கில் நூற்றைம்பது எட்டு நீளம், அறுபது எட்டு அகலம். பன்னிரண்டு பேருக்கு இது போதும். நான்கு மூலையிலும் ஒரு பழைய துணியைக் கட்டுங்கள். கடல் பக்க எல்லை ஈர மணலுக்கு இருபது எட்டு முன்னாலேயே முடிய வேண்டும். தண்ணீரில் ஒளிவது எந்த வயதிலும் கூடாது.

அப்புறம் எல்லாரும் ஒன்றாக அந்த எல்லையை ஒரு சுற்று நடந்து வாருங்கள். உடைந்த பாட்டில், துருப்பிடித்த தூண்டில் முள், மணல் மூடிய கயிறு எல்லாம் இந்த நடையில்தான் கண்ணில் படும். தாழம்புதருக்குள் யாரும் நுழையக் கூடாது, பாம்பு கிடக்கும். உடைமரத்தின் கீழே உதிர்ந்த முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். எங்கள் குழுவில் எல்லாரும் கேன்வாஸ் ஷூதான். வெறுங்கால் சுகமாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் அதை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தாச்சிக்குச் சவுக்கு மரம் நல்லது. தென்னை வேண்டாம், தேங்காய் விழும். பனையானால் அடிமரத்தில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், வேகமாக வந்து அறைகிற கை கிழியாமல் இருக்கும்.

உடம்பைத் தயார் செய்வது

முதல் மாதத்திலேயே எனக்குப் பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டது. அரைமணி நேரம் அசையாமல் ஒளிந்திருந்துவிட்டு ஒரே எட்டாக எழுந்து ஓடினேன், அவ்வளவுதான். மூன்று வாரம் நொண்டினேன். மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் அதே வேகத்தில் ஓடுவதைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. கெண்டைக்காலும் குதிகால் நரம்பும்தான் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன. அதனால் தொடங்கும் முன் பத்து நிமிஷம் வேகமாக நடந்து, மெல்ல ஓடி, நான்கைந்து தடவை பாதி வேகத்தில் ஓடிப் பாருங்கள். ஒளிந்திருக்கும்போதும் கால் விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். நெஞ்சுவலி, முட்டி அறுவைசிகிச்சை மாதிரி ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள், அதுவரை எண்ணிக்கை பார்க்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கும் ஆள் தேவை.

காலை ஆறு முதல் எட்டு வரை ஆடுவது நல்லது. சித்திரை வெயிலில் எட்டு மணிக்கே மணல் சுடத் தொடங்கிவிடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொண்டு வாருங்கள்.

ஒளிவது

இதை எழுதத்தான் எனக்கு ஆசை அதிகம்.

மணல் காட்டிக்கொடுக்கும். பிடிக்கிறவர் கொஞ்சம் விவரமானவர் என்றால் மரத்தையெல்லாம் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். புதுத்தடம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் முடிந்தது. அதனால் ஏற்கெனவே பலர் நடந்து மிதிபட்ட தடத்திலேயே போய், சவுக்குச் சருகு கிடக்கும் இடத்தில் விலகுங்கள். சருகில் தடம் விழாது, ஆனால் சத்தம் வரும். எண்ணும் சத்தம் பலமாகக் கேட்கிறபோதே அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும். என் சித்தப்பா ஒருவர் வேண்டுமென்றே ஒரு மேடு வரை தடம் பதித்துப் போய், அதே தடத்தில் பின்னோக்கி நடந்து திரும்பி வேறு பக்கம் போய்விடுவார். 63 வயது. அவரை நான் இதுவரை இரண்டே தடவைதான் பிடித்திருக்கிறேன்.

அடுத்தது நிழல். காலைச் சூரியன் கிழக்கே தாழ்ந்திருக்கும், உங்கள் நிழல் மேற்கே நீண்டு விழும். சவுக்கு மரத்துக்குப் பின்னால் ஆள் முழுக்க மறைந்திருந்தாலும் நிழல் தனியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் மரத்தின் நிழலுக்குள்ளேயே நில்லுங்கள், அல்லது மேட்டுக்குப் பின்னால் படுத்துவிடுங்கள். இதே சூரியன் உங்களுக்கு உதவியும் செய்யும். கிழக்கே ஒளிந்திருந்து தாச்சியை நோக்கி ஓடி வந்தால், பிடிக்கிறவர் கண்ணில் வெயில் அடிக்கும். வருவது யார் என்று தெரிந்து பெயர் சொல்வதற்குள் நீங்கள் நாலு எட்டு முன்னேறியிருப்பீர்கள்.

காற்று உங்களிடமிருந்து அவரை நோக்கி வீசினால் உங்கள் இருமல்கூட அவருக்குக் கேட்கும். எதிர்ப்பக்கம் போய்விடுங்கள். மணல் நிறம், காய்ந்த இலை நிறத்தில் உடை போடுங்கள். கொலுசு, சாவிக்கொத்து, போன் எல்லாவற்றையும் தாச்சிப் பக்கத்தில் ஒரு பையில் போட்டுவிடுங்கள். சட்டைப் பையில் இருந்து மணலில் விழுந்த போனைத் தேடி நாங்கள் ஒரு முழுக் காலையைத் தொலைத்திருக்கிறோம்.

பிடிப்பது

ஒன்று முதல் அறுபது வரை உரக்க எண்ணுங்கள். மணலில் போய் ஒளிய அவ்வளவு நேரம் வேண்டும். ஆறு பேருக்கு மேல் ஒளிந்தால் பிடிக்க இரண்டு பேர் வையுங்கள், ஒருவர் தேட, ஒருவர் தாச்சிக்கு அருகில். ஒரு சுற்று பன்னிரண்டு நிமிஷம்தான். விசில் அடித்ததும் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். இந்த விதி இல்லாத காலத்தில் ஒரு அக்கா நாற்பது நிமிஷம் மேட்டுக்குப் பின்னால் தனியாகப் படுத்திருந்தார், நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் வருத்தப்பட்டது நியாயம்.

பெயர் சொல்வதோடு நிற்காமல் துரத்தித் தொடவும் வேண்டும் என்று ஆடினால், ஆளைத் தொட வேண்டாம். எல்லாரும் இடுப்பில் ஒரு சின்னத் துண்டைச் செருகிக்கொள்ளுங்கள், அதை உருவினால் அவுட். ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் குழுவில் இந்த ஒரு மாற்றம் செய்ததும் கூச்சம் போய்விட்டது. அதுவரை ஓரமாக நின்ற மூன்று பெண்கள் அடுத்த வாரமே ஷூவோடு வந்தார்கள்.

இரவு ஆட்டம்

பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தில் கடலுக்கு மேலே நிலா எழும். வெள்ளை மணலில் அந்த வெளிச்சமே போதும். ஆனால் இது எல்லைக் கடல், இலங்கை பக்கத்தில் இருக்கிறது. இருட்டில் ஆட்கள் புதருக்குப் பின்னால் பதுங்குவதும் டார்ச் அடிப்பதும் இந்தக் கரையில் கடத்தலாகத்தான் தெரியும், தெரிய வேண்டும். அருகிலுள்ள கடலோரக் காவல் நிலையத்திலும் ஊர்ப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். கடலைப் பார்த்து டார்ச் அடிக்காதீர்கள், படகுகளிடம் போகாதீர்கள். சந்தேகமான ஆட்களை நீங்களே பார்த்தால் 1093-க்குக் கூப்பிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் இரவில் முட்டையிடக் கரையேறும், அந்த மாதங்களில் நாங்கள் இரவு ஆடுவதில்லை. புதியவர்கள் பகலில் பத்துத் தடவையாவது ஆடிவிட்டு இதற்கு வாருங்கள்.

முடிக்கும்போது

தலையை எண்ணுங்கள். மூலைத் துணிகளை அவிழ்த்து எடுங்கள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஒவ்வொருவரும் ஒளிந்த இடத்துக்கு நடந்து போங்கள். ஒளிந்தவர் அங்கே மறுபடி படுத்துக் காட்டுவார், பிடித்தவர் தாச்சியில் நின்று பார்ப்பார். "இங்கேயா இருந்தீங்க? நான் ரெண்டு தடவ தாண்டிப் போனேனே மதினி" என்று சொல்லிச் சிரிப்பதற்காகவே சிலர் வருகிறார்கள். அடுத்த தடவை அந்த இடத்தில் யாரும் ஒளிய முடியாது, புது இடம் தேட வேண்டும்.