பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்க வருமானத்தைக் காட்டும் முறை

மட்டக்களப்பில் பலர் செய்யும் தவறு, நகையை அடகு வைத்து இங்குள்ள தகப்பனாரின் வங்கிப் புத்தகத்தில் பணத்தைப் பெருக்கிக் காட்டுவதாகும். மாணவர் விசாவுக்குப் பழகிய இந்த வழக்கம், பெற்றோரை நிரந்தரமாக வாழ அழைக்கும் விண்ணப்பத்துக்கு உதவாது. பார்க்கப்படுவது கனடாவில் இருந்து அழைக்கும் பிள்ளையின் வருமானமே.

முதலில் குடும்ப எண்ணிக்கையைச் சரியாகக் கணக்கிடுங்கள். உதாரணமாக, அழைக்கும் மகன், மருமகள், அவர்களுடைய இரு பிள்ளைகள், கல்லடியிலிருந்து செல்லும் தாய், தகப்பன் என ஆறு பேர் ஆகிறார்கள். மகன் முன்னர் வேறு யாரையாவது பொறுப்பேற்று அழைத்திருந்து, அவர்களைத் தாங்குவதாக உறுதியளித்த பொறுப்புக் காலம் இன்னும் முடியாதிருந்தால், அவர்களும் இதில் சேர்வார்கள். அந்த எண்ணிக்கைக்கு உரிய குறைந்தபட்ச வருமானம், விண்ணப்பத்துக்கு முந்திய 3 வரி ஆண்டுகளிலும் இருந்திருக்க வேண்டும். அதற்குச் சான்று கனடா வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவித்தல். மகனின் வருமானம் போதாவிடில் மருமகள் இணைக் கையொப்பமிட்டு, இருவரின் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம்.

கியூபெக்கிற்கு வெளியே இந்தப் பொறுப்பு 20 ஆண்டுகள் நீடிப்பதால், கையொப்பமிடும் முன் மருமகளுடன் மனம்விட்டுப் பேசுவது நல்லது. இதற்கு மாறாக, கணவன் அல்லது மனைவியை அழைப்பதற்குப் பெரும்பாலும் குறைந்தபட்ச வருமான எல்லை இல்லை. பொறுப்புக் காலமும் 3 ஆண்டுகளே.