"வீட்லதான் இருக்காங்க": வேலைக் கணக்கெடுப்பில் ஒரு ஆளை எந்தக் குறியீட்டில் போடுவது

"அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?"

"வேலையெல்லாம் இல்லைங்க, வீட்லதான் இருக்காங்க."

இதைக் கேட்டதும் 92 (வீட்டு வேலை மட்டும் செய்பவர்) என்று பதிந்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனால், மூன்று மாடு வளர்த்து விடிகாலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் பெண் நாட்டின் உழைப்புக் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறார். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு (பி.எல்.எஃப்.எஸ்.) வெளியிடும் வேலையின்மை சதவீதம் அலுவலகத்தில் கணக்கிடப்படுகிறது. ஆனால் அது சரியா தவறா என்பது பெரும்பாலும் வீட்டு வாசலில் முடிவாகிவிடுகிறது. களப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கும், வெளியான எண்களைப் பயன்படுத்தும் மாணவர்கள், செய்தியாளர்களுக்கும் இந்த வழிகாட்டி.

வீடு எப்படித் தேர்வாகிறது

இந்தியாவில் 1972-73 முதல் 2011-12 வரை தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நிறுவனம் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை வேலைவாய்ப்பைப் பெரிய அளவில் அளந்துவந்தது. 2017 ஏப்ரலில் பி.எல்.எஃப்.எஸ். தொடங்கியதும் அது இடைவிடாத பணியானது. 2025 ஜனவரியில் வடிவமைப்பு மீண்டும் மாறியது. முன்பு ஆண்டுக்கு 12,800 இடங்களில் இடத்துக்கு 8 வீடுகள், மொத்தம் 1,02,400. இப்போது 12,504 கிராமங்களும் 10,188 நகரப் பிளாக்குகளுமாக 22,692 இடங்கள், இடத்துக்கு 12 வீடுகள், மொத்தம் 2,72,304. அடிப்படை அடுக்காக மாவட்டமே எடுத்துக்கொள்ளப்படுகிறது, அதாவது ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் தனித்தனியாக இடங்கள் எடுக்கப்படுகின்றன.

தேர்வு இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் கிராமத்தையோ நகரப் பிளாக்கையோ தற்செயல் முறையில் எடுப்பார்கள். கிராமங்களுக்கு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியலும், நகரங்களுக்கு எல்லை வரைந்த பிளாக்குகளின் பட்டியலும் அடிப்படை. இரண்டாவது கட்டத்தில் களப்பணியாளர் அந்த இடத்தில் உள்ள எல்லா வீடுகளையும் பட்டியலிடுவார். பூட்டிக் கிடக்கும் வீடும் பட்டியலில் வரவேண்டும். சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரைக்குக் கீழ் அண்ணன் தம்பி தனித்தனியாக உலை வைத்தால் அது இரண்டு குடும்பம். விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் ஊரில் உள்ள வீட்டுக் கணக்கில் வரமாட்டான், விடுதியில்தான் வருவான். "பையன் காலேஜ்ல படிக்கிறான்" என்று பெற்றோர் சொல்வதை அப்படியே எழுதினால் அவன் இரண்டு இடத்தில் எண்ணப்படும் வாய்ப்பு வந்துவிடும்.

பட்டியல் போடும்போதே ஒவ்வொரு வீட்டிலும் பத்தாம் வகுப்போ அதற்கு மேலோ படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கப்படுவதற்குக் காரணம் உண்டு. 2017 வடிவமைப்பில் இந்த எண்ணிக்கையை வைத்தே வீடுகளை மூன்று பிரிவாக்கி 2, 4, 2 என்று எட்டு வீடுகளை எடுத்தார்கள். படித்தவர்களின் வேலையின்மை வேறு மாதிரி இருப்பதால், அவர்கள் மாதிரியில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ஒரு கிராமத்தில் 240 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரிவில் 90, இரண்டாவதில் 80, மூன்றாவதில் 70. முதல் பிரிவிலிருந்து எடுத்த ஒவ்வொரு வீடும் அந்த ஊரில் 45 வீடுகளுக்காகப் பேசுகிறது. இரண்டாம் பிரிவு வீடு 20 வீடுகளுக்காக, மூன்றாம் பிரிவு வீடு 35 வீடுகளுக்காக. இதை அந்த ஊருக்கு உள்ள எடையோடு (அந்த ஊர் எத்தனை ஊர்களுக்காகப் பேசுகிறது என்ற எண்ணோடு) பெருக்கினால் கடைசி எடை வரும்.

அதனால்தான் தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் எல்லோரும் வேலைக்குப் போகும் வீடு. பகலில் ஆள் இருக்கும் வீட்டை அதற்குப் பதிலாக எடுத்தால் வேலையில் இருப்பவர்கள் குறைந்து தெரிவார்கள். மாலையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள். மாற்று வீடு எடுப்பது விதிமுறை சொல்லும் நிலையில் மட்டும்தான்.

வாரம் ஒரு கேள்வி, வருடம் வேறொரு கேள்வி

ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுகோல் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வழக்கமான நிலை என்பது கடந்த 365 நாளைப் பார்ப்பது. பாதிக்கு மேற்பட்ட நாட்கள் வேலை செய்தார் அல்லது வேலை தேடினார் என்றால் அவர் உழைப்புப் படையில் இருக்கிறார். அதற்குள் வேலையில் கழிந்தது அதிகமா, தேடுவதில் கழிந்தது அதிகமா என்பதை வைத்து முதன்மை நிலை முடிவாகும். இது தவிர 30 நாளோ அதற்கு மேலோ வேறு வேலை செய்திருந்தால் அது துணை நிலை.

நடப்பு வாராந்திர நிலையில் கணக்கெடுப்பு நாளுக்கு முந்தைய 7 நாட்கள் மட்டும்தான். அந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். ஒரு மணி நேரமும் செய்யவில்லை, ஆனால் ஒரு மணி நேரமாவது தேடினார் அல்லது கிடைத்தால் போகத் தயாராக இருந்தார் என்றால் வேலையற்றவர். இரண்டும் இல்லையென்றால் உழைப்புப் படைக்கு வெளியே. வரிசை எப்போதும் இதுதான்: வேலை முதலில், வேலையின்மை அடுத்து, மற்றதெல்லாம் கடைசியில். ஆறு நாள் வேலை தேடி அலைந்து ஒரு நாள் இரண்டு மணி நேரம் கூலிக்குப் போயிருந்தாலும் அவர் அந்த வாரக் கணக்கில் வேலையில் இருப்பவர்.

ஒரு மணி நேரம் என்பது மிகக் குறைந்த அளவு என்று பலர் குறை சொல்வது நியாயமான கவலைதான். ஆனால் இது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழிகாட்டலில் பல நாடுகள் பின்பற்றும் அளவு. குறைந்த நேரம் உழைப்பவர்களைக் கண்டுபிடிக்கவே தினமும் எத்தனை மணி நேரம் என்பதும் தனியாகப் பதியப்படுகிறது. அந்த மணி நேரப் பத்திகளைக் கவனமாக நிரப்பாவிட்டால் பாதி வேலை, முழு வேலை எல்லாம் ஒன்றாகிவிடும்.

நான்கு பேர் உள்ள ஒரு வீடு

விதியைப் படிப்பதைவிட ஒரு வீட்டில் போட்டுப் பார்ப்பது தெளிவைத் தரும். ஐப்பசி மாதம், வாரம் முழுக்க அடைமழை.

அப்பா கூலி விவசாயி. கேட்டால் "கூலி வேலைதான்" என்பார். அவசரப்பட்டால் 51 (கூலி வேலை செய்தவர்) என்று பதிந்துவிடுவோம். நாள் நாளாகக் கேட்டால்தான் மழையால் அந்த ஏழு நாளும் ஒரு மணி நேர வேலைகூட இல்லை என்பது தெரியும். யாராவது கூப்பிட்டிருந்தால் போயிருப்பார், ஆனால் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. எனவே வாராந்திர நிலையில் 82, அதாவது தேடவில்லை ஆனால் தயாராக இருந்தார். அவர் வேலையற்றவர். வருடக் கணக்கில் பெரும்பாலான நாள் கூலிக்குப் போனவர், ஆகவே அங்கே 51. வாராந்திர வேலையின்மை பொதுவாக வழக்கமான நிலையைவிட அதிகமாக வருவதற்கு இவரைப் போன்றவர்களே முக்கியக் காரணம். 2023-24இல் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு முதலாவது 4.9 சதவீதம், இரண்டாவது 3.2 சதவீதம்.

இதே அப்பா மழைக்குப் பதிலாகக் காய்ச்சலில் வாரம் முழுக்கப் படுத்திருந்தால் 98. தினக்கூலிக்காரர் நோயில் படுத்தால் உழைப்புப் படைக்கே வெளியே போய்விடுவார். மாதச் சம்பளக்காரர் காய்ச்சலில் விடுப்பு எடுத்தால் 71, அவர் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுவார். திரும்பிப் போக ஒரு வேலை காத்திருக்கிறதா என்பதுதான் வேறுபாடு. "ஏன் போகலை?" என்ற கேள்வியை விடவே கூடாது.

அம்மா "வீட்லதான்". அவரிடம் "வேலை" என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு வீடுகளில் சம்பளம் என்று பொருள். "காலைல எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க? மாடு யார் கறக்கறது? பால் எங்க போகுது? தீவனம், தண்ணி யார் பாக்கறாங்க?" என்று கேளுங்கள். தினம் மூன்று மணி நேரம், ஏழு நாளும். பால் விற்பனைக்குப் போகிறது. ஆக அவர் வேலையில் இருப்பவர். 11 ஆ 21 ஆ என்பது அடுத்த கேள்வி. சொசைட்டி அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. மாடு வாங்குவது, விற்பது, பால் பணத்தை வைத்திருப்பது யார் பொறுப்பு? அவரே நடத்துகிறார் என்றால் 11. கணவர் நடத்த இவர் சம்பளமில்லாமல் கூட உழைக்கிறார் என்றால் 21. வருடத்தில் 40 நாள் நூறு நாள் வேலைக்கும் போயிருந்தால் வழக்கமான நிலையில் துணை நிலையாக 41 வரும். சமையல், துணி, பிள்ளை பார்ப்பது இந்த வரையறையில் வேலையாக எண்ணப்படுவதில்லை. அந்த உழைப்பு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் தனியாக அளக்கப்படுகிறது.

மகன் பொறியியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறான். குடும்பத்தார் "சும்மா இருக்கான்" என்பார்கள். அந்த வாரம் ஒரு நாள் நண்பரின் செல்போன் கடையில் மூன்று மணி நேரம் நின்று 200 ரூபாய் வாங்கினான். வாராந்திர நிலையில் 51. வருடம் முழுக்கத் தேடியவன், 30 நாள்கூட எங்கும் வேலை செய்யவில்லை என்றால் வழக்கமான நிலையில் 81. ஒரே ஆள் ஒரு அளவுகோலில் வேலையில் இருப்பவர், இன்னொன்றில் வேலையற்றவர். இரண்டு பதிவும் சரிதான். முரண்பாடு என்று நினைத்து ஒன்றை மாற்றி எழுதக் கூடாது.

தாத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை வருகிறது. 94 (ஓய்வூதியம் போன்ற வருமானத்தில் வாழ்பவர்) என்று கை தானாகப் போகும். திண்ணையில் கிடக்கும் ஓலையைப் பாருங்கள். வாரத்தில் நான்கு நாள், மாலையில் இரண்டு மணி நேரம் கீற்று முடைந்து விற்கிறார். 11.

அவசரமாகப் பதிந்திருந்தால் அப்பா வேலையில், அம்மா வீட்டில், மகன் வேலையற்றவன், தாத்தா ஓய்வில். உழைப்புப் படையில் இரண்டு பேர், வேலையற்றவர் ஒருவர். சரியாகக் கேட்டால் உழைப்புப் படையில் நான்கு பேர், வேலையற்றவர் ஒருவர், அதுவும் மகனல்ல, அப்பா. நான்கு பதிவும் மாறிவிட்டன, வேலையின்மை 50 சதவீதத்திலிருந்து 25 ஆனது. இந்த வீட்டுக்கு 45 எடை என்றால் பிழையும் 45 மடங்கு.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்வதுதான் பெரிய பிரச்சினை. மாமனார் மருமகளைப் பற்றியும், தாய் மகனைப் பற்றியும் சொல்லும் பதில் குறைபட்டே இருக்கும். முடிந்தவரை அவரவரிடமே கேளுங்கள். முடியாதபோது, அந்த ஆளின் நாளை அருகில் இருந்து பார்ப்பவரிடம் கேளுங்கள்.

ஏழு நாளுக்கு ஒரே மணி நேரத்தை நிரப்புவது அடுத்தது. எல்லா நாளும் 8 என்று இருந்தால் கேட்கவில்லை என்றுதான் பொருள். நேற்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். சந்தை நாள், கிருத்திகை, ரேஷன் போட்ட நாள் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நினைவு வரும்.

மறுவருகையில் வேறொரு சிக்கல். 2025 முதல் கிராமத்திலும் நகரத்திலும் ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்த நான்கு மாதம் போகிறார்கள். முன்பு நகரத்தில் மட்டும் நான்கு காலாண்டு போனார்கள். மாதிரியில் முக்கால் பங்கு வீடுகள் மாறாமல் இருப்பதால் மாதத்துக்கு மாதம் மாற்றம் துல்லியமாகத் தெரியும், அதுதான் நோக்கம். ஆனால் மூன்றாம் முறை போகும்போது "போன தடவ சொன்னதேதாங்க" என்பார்கள். டேப்லெட்டில் பழைய பதிவைப் பார்த்து அப்படியே போட்டால் அந்த நோக்கமே அடிபடும். ஏழு நாளும் புதிதாகக் கேட்க வேண்டும்.

வெளியான எண்ணைப் படிக்கும்போது

100 பேரில் 56 பேர் உழைப்புப் படை, அதில் 53 பேர் வேலையில் என்றால் வேலையின்மை 3ஐ 56ஆல் வகுத்து 5.4 சதவீதம். 3 சதவீதம் என்று எழுதுவது தவறு. மீதி 44 பேர் வேலையற்றவர்கள் அல்ல, அவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. பெண்கள் வேலை தேடுவதையே விட்டுவிட்டால் வேலையின்மை குறையும். அதனால் பங்கேற்பு விகிதத்தை (மக்களில் எத்தனை சதவீதம் உழைப்புப் படையில் இருக்கிறார்கள் என்பதை) பக்கத்தில் வைக்காமல் வேலையின்மையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

முதல் மாத அறிக்கை 2025 மே 15 அன்று வந்தது. ஏப்ரலுக்கு 5.1 சதவீதம், அடுத்த மாதம் 5.6. இந்த எண்களில் பருவ ஏற்றத்தாழ்வு நீக்கப்படவில்லை. அறுவடை முடிந்த மாதத்தை நடவு மாதத்தோடு ஒப்பிட்டு "வேலையின்மை பாய்ந்தது" என்று தலைப்புப் போடுவது பிழை, அதே மாதத்தை முந்தைய ஆண்டோடு வையுங்கள். வடிவமைப்பு மாறியதால் 2025க்கு முந்தைய காலாண்டுகளோடு நேராக ஒப்பிட முடியாது. மாத அறிக்கை அகில இந்திய அளவுக்கானது, அதிலிருந்து தமிழ்நாட்டின் மாத எண்ணை எடுக்க முடியாது. வேறு நாடுகளோடு ஒப்பிடும்போதும் வரையறையைப் பாருங்கள். அமெரிக்காவில் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உழைப்பவர் வாரம் 15 மணி நேரம் செய்தால்தான் வேலையில் இருப்பவர், இங்கே ஒரு மணி நேரம் போதும்.

தனிநபர் தரவுக் கோப்பை இறக்கிக் கணக்குப் போடுபவர்களுக்கு: 2024 ஜூன் வரையிலான ஆண்டுக் கோப்புகளில் எடைப் பத்தியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. கோப்பில் உள்ள என்.எஸ்.எஸ். பத்தியும் (ஒரு துணை மாதிரியில் கணக்கெடுத்த இடங்கள்) என்.எஸ்.சி. பத்தியும் (துணை மாதிரிகள் சேர்ந்த மொத்த இடங்கள்) சமமாக இருந்தால் எடையை 100ஆல் வகுக்க வேண்டும், இல்லையென்றால் 200ஆல். ஆண்டு மதிப்பீட்டுக்கு அதைக் காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். முதல் வேலையாக மொத்த மக்கள் தொகையைக் கூட்டிப் பாருங்கள். பல ஆயிரம் கோடி வந்தால் 100ஐ மறந்துவிட்டீர்கள், நாட்டின் மக்கள் தொகையைப் போல் நான்கு மடங்கு வந்தால் காலாண்டை மறந்துவிட்டீர்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும் கூட்டுத்தொகை உண்மையான மக்கள் தொகையைவிடக் குறைவாகவே வரும். எனவே "இத்தனை கோடிப் பேர்" என்று சொல்ல வேண்டுமானால் விகிதத்தை மட்டும் இந்தக் கோப்பிலிருந்து எடுத்து, அதிகாரபூர்வ மக்கள் தொகைக் கணிப்போடு பெருக்குங்கள்.